லேக்காக்: மாளிகைக்குச் சொந்தமான ஊர்

“இங்கிலாந்தில் ஒரு கிராமம் முழுவதுமே ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமாமே? அங்கிருக்கும் பழைய மாளிகையால்தான் ஊர் அப்படியே பிழைத்து நிற்கிறது என்கிறார்கள். உண்மையா? அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்களா, இல்லை சினிமா செட் மாதிரி வெறும் கூடா? ஆசைப்பட்டால் ஒரு வீடு வாங்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்வது லேக்காக் கிராமமாகத்தான் இருக்க வேண்டும். அறக்கட்டளைக்குச் சொந்தமான ஊர்கள் வேறு சிலவும் உண்டு. ஆனால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் அடிபடுவது இதுதான். தென்மேற்கு இங்கிலாந்தில் வில்ட்ஷயர் மாவட்டம், சிப்பன்ஹாம் என்ற ஊருக்குத் தெற்கே சுமார் மூன்று மைல், பக்கத்தில் ஏவன் ஆறு. ஊர் என்றால் நான்கு தெருக்கள்தான். ஹை ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட், ஈஸ்ட் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட். நான்கும் சேர்ந்து ஒரு சதுரம். சுற்றுப்பட்டுக் குடியிருப்புகளையும் சேர்த்தால் ஆயிரத்துச் சொச்சம் பேர். சில ஆண்டுகள் பிரிஸ்டலில் வேலை பார்த்ததால் அடிக்கடி போய்வந்த ஊர். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மாளிகையால் ஊர் பிழைத்தது என்பது பாதிதான் உண்மை. எழுநூறு ஆண்டுகளாக ஊர் முழுவதும் ஒரே கையில் இருந்தது. கடைசி இருநூறு ஆண்டுகளில் அந்தக் கையில் ஊரை இடித்துக் கட்டும் அளவுக்குப் பணமும் இல்லை, அதற்கான அவசரமும் இல்லை. இரண்டும் சேர்ந்ததால்தான் ஊர் நின்றது. பழமையைக் காக்க வேண்டும் என்ற அக்கறையெல்லாம் கடைசியில் வந்து சேர்ந்ததுதான்.

‘மேனர்’ என்று அவர்கள் சொல்வதை வெறும் பெரிய வீடு என்று எடுத்துக்கொண்டால் இந்தக் கதை புரியாது. நிலம், அதில் பயிரிடும் குடிகள், அவர்கள் கட்ட வேண்டிய குத்தகை, சில்லறை வழக்குகளைத் தீர்க்கும் நீதிமன்றம் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு அது. நம் ஊர் ஜமீன் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். மேனர் யாருக்கோ, ஊரும் அவருக்கே. லேக்காக்கில் அந்த உரிமை முதலில் எலா என்ற பெண்மணியின் குடும்பத்திடம் இருந்தது.

இந்த எலா சாதாரண ஆள் இல்லை. சால்ஸ்பரியின் கவுண்டஸ் பட்டம் தந்தை வழியாக அவருக்கே வந்த சொத்து. கணவர் வில்லியம் லாங்கெஸ்பே, இரண்டாம் ஹென்றி மன்னருக்கு முறைப்படி பிறக்காத மகன். ஜான் மன்னருக்கு அப்பா ஒன்று, அம்மா வேறான தம்பி. 1225-இல் பிரான்சிலிருந்து திரும்பும்போது புயலில் கப்பல் சிக்கி, ஆள் செத்தே போய்விட்டார் என்று நாடு முழுக்கப் பேச்சு. உடனே அரசவையின் பெரும்புள்ளி ஒருவர் தன் உறவுக்காரப் பையனை எலாவுக்கு மாப்பிள்ளையாக அனுப்பினார். எலா துரத்திவிட்டார். கணவர் உயிரோடு வந்து சேர்ந்தார். ஆனால் அடுத்த ஆண்டே, 1226-இல், நிஜமாகவே இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று அப்போதே பேச்சு உண்டு. 1791-இல் சால்ஸ்பரி பேராலயத்தில் அவர் கல்லறையைத் திறந்தபோது, மண்டையோட்டுக்குள் ஓர் எலி காய்ந்து கிடந்தது. அதன் உடலில் ஆர்சனிக் இருந்தது. அந்த எலி இன்றும் சால்ஸ்பரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை வைத்துக் கொலையை நிரூபிக்க முடியாது. எலிப்பாஷாணம் தின்ற எலிக்கு ஒளிய வேறு இடம் கிடைக்காமல் இருந்திருக்கலாம்.

விதவையான எலா மறுமணம் செய்துகொள்ளவில்லை. வில்ட்ஷயருக்கு ஷெரீப் பதவியையே வகித்தார். வரி வசூல், சட்டம் ஒழுங்கு எல்லாம் ஷெரீப்பின் பொறுப்பு. அந்தக் காலத்தில் ஒரு பெண் அதில் உட்கார்வது அபூர்வத்திலும் அபூர்வம். 1232 ஏப்ரல் 16 அன்று ஒரே நாளில் இரண்டு மடங்களுக்கு அடிக்கல் நாட்டினார் என்பது மரபுச் செய்தி: காலையில் லேக்காக்கில் பெண் துறவியருக்கு, மாலையில் பல மைல் தள்ளி ஹிண்டனில் ஆண் துறவியருக்கு. பின்னர் அவரே துறவியாகி, 1257 வரை லேக்காக் மடத்தின் தலைவியாக இருந்தார். லேக்காக் மேனர் மடத்துக்குக் கொடையாகப் போனது. அதாவது ஊரும் மடத்தின் சொத்தாகிவிட்டது.

நான்கு தெருச் சதுரம் அந்தக் காலத்தில் உருவானதுதான். மடத்துக்கு வருமானம் வேண்டும். வருமானத்துக்குச் சந்தை வேண்டும். 13ஆம் நூற்றாண்டிலேயே வாரச்சந்தைக்கு அரசர் அனுமதி வாங்கிவிட்டார்கள். சுற்றிலும் ஆட்டுப்பட்டி, ஊருக்குள் கம்பளி நெசவு. குடிகள் கட்ட வேண்டியதைப் பணமாகக் கட்டவில்லை. தானியம், தோல், கம்பளி என்று கொண்டுவந்து கொட்டினார்கள். அதை வைக்க 14ஆம் நூற்றாண்டில் கட்டிய களஞ்சியம் ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் இன்னும் நிற்கிறது. உள்ளே போய் மேலே பாருங்கள். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த மரங்களாகத் தேடிப்பிடித்து, இரண்டிரண்டாக எதிரெதிரே சாய்த்து, கூரையை அதன் தோளில் ஏற்றியிருக்கிறார்கள். களஞ்சியத்தை ஒட்டியே குவிமாடக் கூரை போட்ட ஒரு சிறு கல் அறை. குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவர்களை இரவு முழுக்கப் பூட்டிவைக்க 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஜன்னல் கிடையாது.

சரி, மடம் எப்படி மாளிகை ஆனது? எட்டாம் ஹென்றிதான் காரணம். ரோமோடு முறித்துக்கொண்டு நாட்டின் மடங்களையெல்லாம் கலைத்தபோது, 1539 ஜனவரியில் லேக்காக்கின் முறையும் வந்தது. மறு ஆண்டு வில்லியம் ஷாரிங்டன் என்பவர் 783 பவுண்டுக்கு இதை வாங்கினார். மடம் மட்டுமில்லை, ஊரும் சேர்த்துத்தான்.

மற்ற இடங்களில் மடத்தை வாங்கியவர்கள் பெரும்பாலும் கல்லைப் பெயர்த்து விற்றார்கள், அல்லது எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிவிட்டுப் புது வீடு கட்டினார்கள். ஷாரிங்டன் மடத்தின் கோயிலை மட்டும் இடித்தார். துறவியர் நடந்த சுற்றுத் தாழ்வாரம், சமையல் பகுதி, குளிர்காலத்தில் அவர்கள் தீக்காய அனுமதிக்கப்பட்ட ஒரே அறை, எல்லாவற்றையும் தரைத்தளத்தில் அப்படியே விட்டுவிட்டு, வாழும் அறைகளை மாடியில் அமைத்துக்கொண்டார். அதனால் இன்று நீங்கள் போனால் ஒரே வீட்டில் இரண்டு வீடுகளைப் பார்க்கலாம்: கீழே 13, 15ஆம் நூற்றாண்டுகளின் மடம், மேலே பிரபு வீடு. சிக்கனமா, ரசனையா என்று அறிஞர்கள் வாதாடுவார்கள். தெற்கு மூலையில் ஷாரிங்டன் கட்டிய எண்கோணக் கோபுரத்தின் கல் மேசையையும், அவருடைய சின்னமான தேளைச் செதுக்கிய விதானத்தையும் பார்த்தவர்கள் சிக்கனம் என்று சொல்ல மாட்டார்கள். அரசருக்கு வேலை செய்த சிற்பியைக் கூப்பிட்டுச் செய்த வேலை அது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ஷாரிங்டன் பிரிஸ்டல் நாணயச் சாலையில் பெரிய அதிகாரி. காசின் ஓரத்தைச் சுரண்டுவது, வெள்ளியைக் குறைத்து அடிப்பது, கணக்கை மாற்றி எழுதுவது என்று சகலமும் செய்திருக்கிறார். 1549-இல் மாட்டிக்கொண்டார். அவரோடு சம்பந்தப்பட்ட, அப்போதைய சிறுவயது மன்னரின் மாமாவான தாமஸ் சீமோர் தலையை இழந்தார். ஷாரிங்டன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பெருந்தொகை கட்டி, மன்னிப்பும் சொத்தும் திரும்பப் பெற்றுவிட்டார். அதோடு விட்டதா? 1552-இல் வில்ட்ஷயரின் ஷெரீப்பாகவும் ஆனார். எலா உட்கார்ந்த அதே பதவி.

அவருக்குப் பிள்ளை இல்லை. சொத்து தம்பிக்குப் போய், தம்பி மகள் ஆலிவ் வழியாக டால்பட் குடும்பத்துக்கு வந்தது. ஆலிவ் தன் காதலன் ஜான் டால்பட்டைச் சந்திக்க மாளிகையின் உச்சியிலிருந்து குதித்தார், கீழே பிடிக்க நின்றவர் மூர்ச்சையாகிவிட்டார், அப்பா மனமிரங்கிக் கல்யாணம் செய்துவைத்தார் என்று ஊரில் ஒரு கதை. அந்த உயரத்தைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். கல்யாணம் நடந்தது மட்டும் உண்மை. அன்றிலிருந்து 1944 வரை ஊர் அந்தக் குடும்பத்தின் கையில்தான்.

இடையில் வந்தவர்களில் ஜான் ஐவரி டால்பட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1750-களில் நுழைவுக் கூடத்தைப் பழைய கோதிக் பாணியில் புதிதாகக் கட்டினார். சுவர் மாடங்களில் ஒரு வெளிநாட்டுச் சிற்பியைக் கொண்டு சுடுமண் உருவங்கள் வைத்தார். அதில் ஓர் ஆடு. அதன் மூக்கு நுனியில் ஒரு சர்க்கரைக் கட்டி இருக்கும். யாரோ ஒரு மாணவர் விளையாட்டாக வைத்துவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து அதை எடுக்காமல் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஊருக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டு வரை லேக்காக் ஓரளவு வசதியான ஊர்தான். லண்டன் பக்கமிருந்து பாத் நகரம் போகும் வண்டிகள் இந்த வழியாகவும் வந்தன, சத்திரங்கள் நிரம்பின. ஜார்ஜ் இன் என்ற சத்திரத்தின் பெரிய அடுப்பங்கரையில் ஒரு மரச்சக்கரம் இன்னும் மாட்டியிருக்கிறது. அதற்குள் குட்டைக்கால் நாய் ஒன்றை ஏற்றிவிடுவார்கள். நாய் நடக்க நடக்கச் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்ற, நெருப்புக்கு முன்னால் கம்பியில் கோத்த இறைச்சி ஒரே சீராகத் திரும்பும். இதற்கென்றே வளர்த்த நாயினம் ஒன்று இருந்து, கடிகார விசையில் சுற்றும் கம்பிகள் வந்ததும் அழிந்தே போனது. சுற்றுலாக்காரர்கள் சிரித்துக்கொண்டே படம் எடுக்கும் சக்கரம் அது. நாயின் பக்கம் நின்று யோசித்தால் அவ்வளவு சிரிப்பு வராது.

அப்புறம் காற்று திசை மாறியது. புதிய சாலைகள் ஊரைத் தொடாமல் போயின. நெசவு கையிலிருந்து இயந்திரத்துக்கு மாறியபோது, ஆலைகள் பக்கத்து நகரங்களுக்கும், பிறகு நிலக்கரி கிடைத்த, வடக்கே உள்ள யார்க்ஷயருக்கும் போய்விட்டன. 1841-இல் லண்டன்–பிரிஸ்டல் ரயில் சிப்பன்ஹாம் வழியாக ஓடத் தொடங்கியது. லேக்காக்குக்கு ஒரு சின்ன நிறுத்தம் கிடைக்கவே 1905 ஆனது. அதையும் 1966-இல் மூடிவிட்டார்கள். பணம் வந்த ஊர்களில் பழைய வீடுகளை இடித்து விக்டோரியா காலத்துச் செங்கல் வரிசை வீடுகள் எழுந்தன. லேக்காக்கில் எழவில்லை. முடிந்தவர்கள் மரச்சட்ட வீட்டின் முகப்பில் மட்டும் கல் அல்லது செங்கல் பூசிப் புதுசு மாதிரி காட்டிக்கொண்டார்கள். தெருவிலிருந்து பார்த்தால் 18ஆம் நூற்றாண்டு, சந்துக்குள் போய்ப் பக்கச்சுவரைப் பார்த்தால் 15ஆம் நூற்றாண்டு என்று பல வீடுகள் இப்படித்தான் நிற்கின்றன.

இங்கேதான் ஒற்றை உடைமையின் பங்கு வருகிறது. ஏழை ஊர்கள் எத்தனையோ இருந்தன. எல்லாமே இப்படி நிற்கவில்லை. வீடுகள் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தமாக இருந்தால், நூறு பேரில் பத்துப் பேருக்குக் காசு வரும்; பத்து வீடு மாறும்; அதைப் பார்த்து இன்னும் இருபது மாறும். லேக்காக்கில் அப்படி மாற்றும் உரிமை யாருக்கும் இல்லை. கூரை ஓடு மாற்றவும் மாளிகையைக் கேட்க வேண்டும். மாளிகைக்காரருக்கோ கடன் தலைக்கு மேல்.

கடன் என்று சும்மா சொல்லவில்லை. வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1800-இல் பிறந்து ஐந்து மாதக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துபோனார். விட்டுப்போனது சுமார் 30,000 பவுண்டு கடன். மாளிகையை வாடகைக்கு விட்டு, வருமானத்தைக் கட்டுக்கோப்பாக வைத்து, அம்மா எலிசபெத் சொத்தை மீட்டார். 1827-இல்தான் குடும்பம் மாளிகைக்குக் குடிவர முடிந்தது. பிரபு வீடுகள் தின்றும் குடித்தும் சூதாடியும் அழிந்த கதைகளே அதிகம். இங்கே ஓர் அம்மாவின் கணக்கு நோட்டு வேறு மாதிரி வேலை செய்தது. இந்த மாளிகையின் வரலாற்றில் திருப்பம் வரும் இடத்திலெல்லாம் ஒரு பெண் நிற்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

ஃபாக்ஸ் டால்பட்டை ஒளிப்படக் கலையின் தந்தைகளில் ஒருவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கலாம். கணிதம், தாவரவியல், ஆப்பெழுத்து ஆய்வு என்று எதையும் விட்டுவைக்காத ஆள். சிப்பன்ஹாம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1833-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் ஒரு வரைகருவியை வைத்துப் படம் வரைய முயன்று, கை வராமல் நொந்துபோய், “இந்தக் காட்சி தானாகவே தாளில் பதிந்துகொண்டால் என்ன?” என்று நினைத்தாராம். ஊருக்குத் திரும்பி முயற்சியைத் தொடங்கினார். முறை எளிமையானதுதான். நல்ல எழுதும் தாளைச் சமையல் உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்து, மேலே வெள்ளி நைட்ரேட் பூசினால், தாளின் இழைகளிலேயே வெள்ளி குளோரைடு உண்டாகும். வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும். அப்புறம் அடர்ந்த உப்புக் கரைசலில் போட்டால் மேற்கொண்டு கறுப்பது ஏறக்குறைய நிற்கும்.

கேமரா? சின்னச் சின்ன மரப்பெட்டிகள். ஊர்த் தச்சர் செய்து கொடுத்தது. வீட்டைச் சுற்றி அங்கங்கே அவை கிடப்பதைப் பார்த்து மனைவி கான்ஸ்டன்ஸ் எலிப்பொறிகள் என்று கேலி செய்தார். 1835 ஆகஸ்டில் அதில் ஒன்றை மாடியின் தெற்குக் கூடத்தில், வெளியே பிதுங்கி நிற்கும் ஒரு சாளரத்துக்கு எதிரே வைத்தார். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு தாளில் சாளரம் தலைகீழ் நிறத்தில் விழுந்தது: வெளிச்சம் வந்த கண்ணாடிகள் கறுப்பு, மரச்சட்டங்கள் வெளுப்பு. கண்ணாடிச் சதுரங்கள் சுமார் இருநூறு, எடுத்த புதிதில் உருப்பெருக்கியால் எண்ண முடிந்தது என்று அதன் பக்கத்தில் அவரே எழுதிவைத்தார். உலகில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா நெகட்டிவ் அதுதான். அந்தச் சாளரம் அதே இடத்தில் இருக்கிறது. நீங்களும் அதன் முன்னால் நிற்கலாம். நான் போனபோதெல்லாம் அங்கே ஒரு கும்பல் கைப்பேசியோடு நின்றது.

1839 ஜனவரியில் பாரிஸில் டகேர் என்பவரின் ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்டபோது டால்பட் ஆடிப்போனார். நான்கு வருடமாகப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்ததை அவசர அவசரமாக வெளியே கொண்டுவந்தார். டகேரின் வெள்ளித்தகட்டுப் படம் கூர்மையில் இதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் ஒரு தகடு, ஒரே படம். டால்பட்டின் நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். 1841-இல் காப்புரிமை பெற்ற அவருடைய மேம்பட்ட முறை கேலோடைப் எனப்பட்டது. பிலிம் காலம் முழுவதும் உலகம் நடந்தது அந்த நெகட்டிவ் வழியில்தான்.

அவர் எடுத்த படங்களில் இந்தப் பண்ணையின் அன்றாடம் இருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வைக்கோல் போர், அதில் சாய்த்த ஏணி, தொழுவத்தின் திறந்த கதவில் சாய்த்து வைத்த விளக்குமாறு. வேலைக்காரர்களையும் வண்டிக்காரரையும் அசையாமல் நிறுத்தி எடுத்தார். 1844-இல் தொடங்கிப் பகுதி பகுதியாக, 24 படங்களை ஒட்டி வெளியிட்ட நூலில் இவையும் உண்டு. அரசர்களும் தளபதிகளும் ஓவியத்தில் பெரிதாக இடம்பிடித்த நாட்டில், மேனரின் ஏணியும் துடைப்பமும் பதிவானது இப்படித்தான். கேமரா பிடித்தவர் பிரபு என்பதையும் மறக்க வேண்டாம். அவர் நில் என்றால் நிற்க வேண்டியவர்கள்தான் படத்தில் இருப்பவர்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத்துக்கு ஒரு கிளை வருகிறது. டால்பட்டின் காகித நெகட்டிவை பிரான்சில் லெ கிரே என்பவர் மெழுகு பூசி மேம்படுத்தினார். நம் வெயிலுக்கு அது தோதாக இருந்தது. தாளை முன்கூட்டியே தயாரித்து எடுத்துப் போகலாம். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1857 கடைசியிலும் 1858-லும் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றியபோது எடுத்தவை பெரும்பாலும் காகித நெகட்டிவ்கள்தான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து 21 பிரதிகளை ஒட்டிச் சேர்த்த படச்சுருள் கிட்டத்தட்ட 19 அடி நீளம். நம் கோயில்களின் பழைய படங்கள் என்று இணையத்தில் சுற்றுபவற்றில் பல அவருடையவை. லேக்காக் சாளரத்தில் தொடங்கியது இருபத்து மூன்று ஆண்டுகளில் ராஜராஜனின் கல்வெட்டு வரை வந்துவிட்டது.

திரும்ப லேக்காக். ஃபாக்ஸ் டால்பட் 1877-இல் இறந்தார். மகன் சார்லஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழங்காலக் கட்டடங்களில் ஆர்வம் கொண்டவர். வீட்டைப் பழுதுபார்த்துக்கொண்டே காலம் தள்ளினார். 1916-இல் அவர் போனபின் சொத்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த மருமகள், அதாவது சகோதரி மகள், மடில்டாவுக்கு வந்தது. உயில் வந்த கையோடு தன் குடும்பப் பெயரையும் டால்பட் என்று மாற்றிக்கொண்டார்.

அந்தக் காலகட்டம்தான் இங்கிலாந்தின் மாளிகைகளுக்குச் சனி பிடித்த காலம். விவசாய வருமானம் விழுந்துவிட்டது. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. சொந்தக்காரர் இறந்தால் வாரிசு கட்ட வேண்டிய வரியின் உச்ச விகிதம் 1919-இல் 40 சதவீதம், 1949-இல் 80 சதவீதம். போரில் அப்பாவும் மகனும் அடுத்தடுத்து இறந்த வீடுகளில் ஒரே சொத்துக்கு இரண்டு தடவை வரி. நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடித்துக் கல்லும் மரமும் ஈயமுமாக விற்றார்கள். ஊர்களைத் துண்டு போட்டு ஏலம் விட்டார்கள். பல இடங்களில் குடியிருந்தவர்களே வீட்டை வாங்கினார்கள்.

மடில்டாவும் அதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை. தாத்தாவின் ஒளிப்படச் சேகரத்தின் பெரும்பகுதியை 1937-இல் லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்குக் கொடுத்தார். 1944-இல், போர் இன்னும் முடியாத நிலையில், மாளிகை, நிலம், கிராமம் எல்லாவற்றையும் நேஷனல் டிரஸ்ட்டுக்கு எழுதிவைத்தார். அடுத்து இன்னொன்று. 1225-இல் மூன்றாம் ஹென்றி மறுவெளியீடு செய்த மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தின் ஒரு மூலப்பிரதி, அரச முத்திரையோடு, எலா காலத்திலிருந்தே இந்த மாளிகையில் கிடந்தது. வில்ட்ஷயருக்கு அனுப்பப்பட்ட பிரதி. அதையும் 1945-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குத் தந்துவிட்டார். இன்று பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. தன் வீட்டிலேயே குடியிருப்பவராக 1958 வரை வாழ்ந்தார்.

நேஷனல் டிரஸ்ட் 1895-இல் தொடங்கிய அறக்கட்டளை. அரசுத் துறை இல்லை. 1907-இல் அதற்கென்றே நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, விற்க முடியாதது என்று அறிவித்த சொத்தை அதுவே நினைத்தாலும் விற்க முடியாது; அரசே கேட்டாலும் நாடாளுமன்றத்தின் தனி நடைமுறை வழியாகத்தான் எடுக்க முடியும். 1937-இல் வந்த இன்னொரு சட்டம், மாளிகையைக் கொடுத்துவிட்டுக் குடும்பம் அதிலேயே தங்கவும், பராமரிப்புக்கு நிலத்தையும் சேர்த்துக் கொடுக்கவும் வழி செய்தது. அடுத்தடுத்துப் பல பிரபுக்கள் அந்தக் கதவில் நுழைந்தார்கள். மடில்டா கொடுத்ததில் வித்தியாசம் என்னவென்றால், வாடகை வரும் ஓர் ஊரே அதில் இருந்தது.

இப்போது உங்கள் மற்ற இரண்டு கேள்விகள்.

ஆட்கள் குடியிருக்கிறார்கள். கண்டிப்பாக. பள்ளி இருக்கிறது, கோயில் இருக்கிறது, ரொட்டிக்கடை, மதுவிடுதிகள், பேருந்து எல்லாம் உண்டு. கிராமத்தின் பெரும்பாலான வீடுகள் டிரஸ்ட்டின் வாடகை வீடுகள். மின்கம்பி தலைக்கு மேல் ஓடாது. கூரையில் ஆன்டெனா தெரியாது. தெருவோரத்தில் மஞ்சள் கோடு போட்டிருக்காது. அதனால்தான் சினிமாக்காரர்களுக்குக் கொண்டாட்டம். சாலையில் மண் கொட்டி, ஒன்றிரண்டு நவீனப் பலகைகளை மறைத்தால் 1800 தயார். பிபிசியின் பழங்காலக் கதைத் தொடர்கள் பல இங்கே எடுத்தவை. ஹாரி பாட்டர் முதல் படத்தின் பள்ளிக் காட்சிகள் சில, மடத்தின் அந்தச் சுற்றுத் தாழ்வாரத்திலும் தரைத்தள அறைகளிலும்தான். துறவியர் தீக்காய்ந்த அறை வகுப்பறை ஆனது. அந்த அறையில் கிடக்கும் ஆள் உட்காரும் அளவு வெண்கலக் கொப்பரையைப் பார்த்துவிட்டுப் படத்துக்காகச் செய்தது என்று நினைக்காதீர்கள். 1500-இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள மெக்கலன் நகரத்தில் வார்த்தது.

டிரஸ்ட்டின் வீடுகளை வாங்க முடியாது. வாடகைக்குத்தான். 1980-இல் தாட்சர் அரசு நகராட்சி வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு வாங்கும் உரிமை கொடுத்தது. அந்தச் சலுகை இவர்களுக்கு இல்லை. மூன்று தலைமுறை வாடகை கட்டினாலும் பிள்ளைக்கு விட்டுப்போகச் செங்கல் ஒன்றும் மிஞ்சாது. கதவின் நிறத்தை மாற்றவும் ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி போடவும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். குளிர்காலத்தில் அந்தக் கல் வீடுகளைச் சூடாக வைப்பது லேசுப்பட்ட செலவில்லை. கோடையில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் பயணிகள் வேறு. உள்ளே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்பதே சிலருக்குத் தோன்றுவதில்லை.

ஆனாலும் இது வெறும் அடிமைச்சாசனம் என்று பேசுபவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். பக்கத்து காட்ஸ்வோல்ட் மலைக் கிராமங்களையும், கார்ன்வால் கடற்கரை ஊர்களையும் போய்ப் பாருங்கள். அங்கே வீடுகள் சந்தையில் இருந்தன. லண்டன் பணம் வந்தது. வார இறுதிக்கு மட்டும் விளக்கெரியும் வீடுகள் பெருகின. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஊரில் இடம் இல்லாமல் போனது. லேக்காக்கில் டிரஸ்ட்டின் வீட்டை வாங்கிப் பூட்டிவைக்க யாராலும் முடியாது. பள்ளிக்கூடம் இன்னும் ஓடுவதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எலா காலத்தில் தொடங்கிய ‘ஊர் ஒரே கையில்’ என்ற ஏற்பாடு மாறவில்லை, கைதான் மாறியிருக்கிறது. இப்போதைய கை கணக்குக் காட்ட வேண்டிய கை, புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டிய கை. அது பெரிய வித்தியாசம்தான்.

போவதாக இருந்தால்: லண்டன் பேடிங்டனிலிருந்து சிப்பன்ஹாமுக்கு நேரடி ரயில், ஒன்றேகால் மணி நேரத்துக்குள். அங்கிருந்து பேருந்து. காரில் போனால் ஊருக்கு வெளியே உள்ள நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடப்பது நல்லது. ஊரைச் சுற்றக் காசு இல்லை. மாளிகைக்கும் தோட்டத்துக்கும் வாசலருகே பழைய களஞ்சியத்தில் 1975-இல் தொடங்கிய ஃபாக்ஸ் டால்பட் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து ஒரு சீட்டு. மாளிகையின் மாடி அறைகள் எல்லா நாளும் திறந்திருக்காது, சாளரம் அங்கேதான் இருக்கிறது, அதனால் டிரஸ்ட்டின் தளத்தில் நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் பேருந்து பேருந்தாகக் கூட்டம் இறங்கிவிடும்.